மின்கிடங்கின் முதல் வாடிக்கையாளர்

மின்சாரத்தைச் சேமித்து வைப்பதுதான் அவனுடைய பிழைப்பு. அவளைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகச் சொல்ல அவள் வீட்டுக்குப் போன அன்று, அவளுடைய அப்பா முதலில் கேட்டது வேலையைப் பற்றித்தான். பகலில் வெயிலிலிருந்து எடுத்து மிஞ்சிப்போகிற மின்சாரத்தைப் பெரிய பேட்டரிகளில் வாங்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம் ஊரே விளக்குப் போடும் நேரத்தில் திருப்பித் தருகிற கிடங்கில் பொறியாளராக இருக்கிறேன் என்று அவன் மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "கரண்டை டப்பாவில அடைக்கிறாராம்மா," என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவனுக்கு டப்பா என்று பெயர். முகத்துக்கு நேரே மாப்பிள்ளை, முதுகுக்குப் பின்னால் டப்பா. அவன் மனைவி மட்டும் முகத்துக்கு நேராகவே கூப்பிடுவாள்.

இப்போது கூப்பிட அவள் இல்லை. காய்ச்சல் என்று படுத்தாள். அது வெறும் காய்ச்சல் இல்லை என்று தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல அவனுக்கு வராது. யாராவது கேட்டால் பேச்சைப் பேட்டரிக்கு மாற்றிவிடுவான். கேட்டவர்கள் தாமாகவே எழுந்து போய்விடுவார்கள்.

துக்கத்துக்கு வந்த மாமனார் திரும்பிப் போகவில்லை. அவர் ஏலம் விட்டுப் பிழைத்தவர். மூடிய கடைகளின் சரக்கு, காலி செய்த வீடுகளின் மேசை நாற்காலி என்று கிடைத்ததையெல்லாம் தூசி தட்டிக் கூவி விற்றவர். மைக் இல்லாமலே அவர் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அந்தத் தூசியும், கூவிய களைப்புக்கு ஊதிய சிகரெட்டும் கூட்டுச் சேர்ந்து அவருடைய நுரையீரலைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டன. இப்போது மூச்சுக்கு ஒரு மெஷின். முழங்கால் உயரப் பெட்டி. அறையின் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, ஒரு மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். சுவரில் செருகினால் ஓடும், பிடுங்கினால் நிற்கும். அது நின்றால் மாமாவும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுவார் என்று டாக்டர் இதைவிட நாகரிகமான வார்த்தைகளில் சொல்லியிருந்தார்.

"இருங்க மாமா" என்று அவன் சொல்லவில்லை. "இருக்கேன்" என்று அவரும் சொல்லவில்லை. மெஷினை வைக்க இடம் பார்த்தார்கள். கூடத்து ஜன்னலோரம் தோதாக இருந்தது. வைத்தாயிற்று. அதன் பிறகு அதை யார் தூக்குவது?

அந்த மெஷினுக்காகத்தான் அவன் வீட்டுச் சுவரில் ஒரு பேட்டரியை வாங்கி மாட்டினான். மின்தடை வந்தாலும் இனிக் கவலையில்லை. மாட்டிய அன்றே, ஆபத்துக்கு என்று மூலையில் நின்றிருந்த ஆக்சிஜன் சிலிண்டரைக் கடைக்காரனைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"அது பாட்டுக்கு மூலையில நின்னுட்டுப் போகட்டுமே மாப்பிள்ளை. சாப்பாடா கேக்குது?" என்றார் மாமா.

"தேவையில்ல மாமா. இனிமே பேட்டரி பாத்துக்கும்."

"பேட்டரியை யாரு பாத்துப்பா?"

"நான்தான்."

மாமா சிலிண்டர் போன வாசலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் பேட்டரியைப் பார்த்துக்கொண்ட அழகைத்தான் இப்போது சொல்ல வேண்டும். லித்தியம் பேட்டரியை எந்நேரமும் முழுக்க நிரப்பி வைத்தால் சீக்கிரம் கிழடு தட்டிவிடும். ஒட்ட ஒட்டக் காலி செய்தாலும் கெட்டுவிடும். நடுவாந்தரமாக வைத்தால் நெடுநாள் உழைக்கும். கிடங்கைச் சுற்றிப் பார்க்க வருகிற ஒவ்வொருவரையும் நிற்க வைத்து அவன் ஒப்பிக்கிற பாடம் இது. ஊருக்குச் சொன்னதை வீட்டில் செய்யாவிட்டால் எப்படி? எனவே வீட்டுப் பேட்டரி பாதிக்கு மேல் ஏறாதபடி ஒரு வரம்பு வைத்தான். கால்வாசிக்கு இறங்கினால் தானாக அணைந்துகொள்ளும்படி கீழேயும் ஒரு வரம்பு வைத்தான். மின்தடை அறிவிப்பு வந்தால் முந்தின நாள் முழுசாக ஏற்றிக்கொள்வது என்பது திட்டம். மின்தடை சொல்லிவிட்டுத்தான் வரும் என்று நம்பிய இந்த ஆள் மின்பொறியியலில் முதல் வகுப்பு.

"பாதி ஏத்தினா ஆயுசு கூடுமா?" என்று மாமா ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்.

"கூடும் மாமா. ரெண்டு மடங்குகூட வரும்."

மாமா அவன் தட்டைப் பார்த்தார். "அதான் நீங்களும் பாதியிலயே எந்திரிச்சிடுறீங்களா?"

மின்தடை ஒரு விடுமுறை நாளின் காலையில் சொல்லாமல் வந்தது. அவன் துணி துவைத்துக்கொண்டிருந்தான். வாஷிங் மெஷின் முனகி நின்றது. கூடத்தில் மாமாவின் மெஷின் ஒரு கணம் திக்கி, பேட்டரிக்கு மாறி, மறுபடி ஓடியது. அவன் ஈரக்கையோடு வந்து, பந்தயத்தில் ஜெயித்தவன் மாதிரி நின்றான். மாமா கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவர் அவனுக்குக் கொடுத்த முதல் பாராட்டு அதுதான்.

அடுத்து போனுக்குச் செய்தி வந்தது. பெரிய மின்பாதையில் கோபுரங்கள் சாய்ந்துவிட்டன, மின்சாரம் எப்போது வரும் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது. அவன் பேட்டரியின் கணக்கைத் திறந்து பார்த்தான். பாதி. அந்தப் பாதியிலும் கீழ்வரம்புக் கால்வாசி போக மிச்சம்தான் கைக்கு வரும். பெருமைக்காகக் குளிர்ப்பெட்டியையும் அதிலேயே இணைத்து வைத்திருந்தான். ஓடிப்போய் அதைப் பிடுங்கினான். அப்படியும் மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டாது.

சரி, கீழ்வரம்பைத் தளர்த்துவோம் என்று போனில் தட்டினான். "இந்த மாற்றத்தை மின்தொடர்பு இருக்கும்போது மட்டுமே செய்ய முடியும்" என்று பதில் வந்தது. யாரும் கை தவறி எதையாவது மாற்றிவிடக் கூடாது என்று அந்தப் பூட்டைப் போடச் சொன்னவன் யார்? மாட்ட வந்த ஆள் "பூட்டு வேணுமா சார்?" என்று கேட்டபோது "கட்டாயம்" என்று சொன்னவன் யார்? அவனுக்கு அந்தக் 'கட்டாயம்' ஆசாமியைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. கண்ணாடி பக்கத்தில்தான் இருந்தது.

சிலிண்டர் கடைக்காரனைக் கூப்பிட்டான்.

"எல்லாம் காலையிலயே போயிருச்சு சார். நாளைக்குச் சொல்லிப் பாக்குறேன். உங்க வீட்டுல ஒண்ணு இருந்துச்சே?"

"திருப்பிக் கொடுத்துட்டேன்."

"ஆமா ஆமா. பேட்டரி வாங்கிட்டீங்கல்ல?" கடைக்காரன் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் குத்தியது.

"மாமா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்," என்றான்.

"எந்த ஆஸ்பத்திரி?"

அந்த ஊரில் இருந்தது ஒன்றுதான், அவளைச் சேர்த்திருந்தது.

"அந்த வாசலை நான் மிதிக்க மாட்டேன் மாப்பிள்ளை. தூக்கிட்டுப் போனாலும் குதிச்சிடுவேன்."

அவன் வற்புறுத்தவில்லை. அந்த வாசலைத் தவிர்க்க அவனே தினமும் வேலைக்குச் சுற்றுவழியில்தான் போய்க்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அவனுக்கு அந்த அபாரமான யோசனை தோன்றியது. கிடங்கு! அடுக்கி வைத்த சரக்குப் பெட்டிகள் மாதிரி வரிசை வரிசையாகப் பேட்டரிகள். ஊருக்கே ஒரு சாயங்காலம் முழுக்க வெளிச்சம் தரக்கூடிய மின்சாரம். அதில் ஒரு மூக்குக்கு இடமில்லாமலா போய்விடும்?

"கிடங்குக்குப் போறோம் மாமா. அங்க கரண்ட் இருக்கும்."

"டப்பாவுக்கா?" என்று மாமா வாய்தவறிக் கேட்டுவிட்டார். இருவரும் அதைக் கேட்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

வழியில் மெஷின் எதில் ஓடும்? அவனிடம் இருந்தது பெட்ரோல் கார். பேட்டரிக்காரன் பெட்ரோல் கார் வைத்திருப்பதை நண்பர்கள் கேலி செய்து அலுத்துப்போயிருந்தார்கள். அதன் சாக்கெட்டுக்குப் போனை ஏற்றுவதற்குள்ளேயே மூச்சு வாங்கும். வீட்டில் வேறு என்ன இருக்கிறது என்று யோசித்தவன், அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றான். அவளுடைய கம்ப்யூட்டருக்கு வாங்கிய சின்ன யூபிஎஸ் அதன் அடியில் இருந்தது. அவள் போன பிறகு அந்த மேசையை அவன் துடைத்ததுகூட இல்லை. குனிந்து வயரைப் பிடுங்கினான். தூசி பறந்தது. ஒரு தும்மல் வந்தது. எத்தனையோ தடவை அந்த மேசையை எப்படித் தொடப்போகிறோம் என்று பயந்திருக்கிறான். கடைசியில் ஒரு தும்மலோடு முடிந்தது.

மாமாவைக் காரின் பின்சீட்டில் உட்கார வைத்து, பக்கத்தில் மெஷினையும் காலடியில் யூபிஎஸ்ஸையும் வைத்துக் கிளம்பினான். அந்தக் கணத்திலிருந்து யூபிஎஸ் கத்தத் தொடங்கியது. பீப், பீப், பீப்.

"உங்க பேட்டரிங்க எல்லாம் ஏன் மாப்பிள்ளை இப்படி அழுது வடியுதுங்க?"

"தீரப்போகுதுன்னு சொல்லுது மாமா."

"அது தெரியாம இருந்தா நிம்மதியா இருப்பேனே. வாயைப் பொத்த முடியாதா?"

பொத்த வேண்டியிருக்கவில்லை. சிக்னல்கள் எல்லாம் அணைந்து, நாலு முனையிலும் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. பாலத்துக்கு முன்னாலேயே பீப் ஒலி ஒரே நீட்டமாக நீண்டு அறுந்தது. மெஷின் நின்றது. காருக்குள் மாமாவின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கிழிந்த பையில் காற்று போய் வருகிற மாதிரி.

"பேசாதீங்க மாமா. மெதுவா இழுத்து விடுங்க. வந்துட்டோம்."

வரவில்லை. பாதி தூரம் இருந்தது. கண்ணாடியில் பார்த்தான். மாமாவின் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. அவர் அவன் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, மெதுவாக ஒரு விரலைத் தூக்கினார்.

ஒரு தரம்.

"மாமா, விளையாடாதீங்க!"

அவன் ஹாரனில் கையை வைத்தான், எடுக்கவில்லை. பாலம் கடந்தது. மாமா இரண்டாவது விரலைத் தூக்கினார். கண்ணில் ஒரு குசும்பு இருந்தது.

"மூணு காட்டிடாதீங்க! சொல்லிட்டேன்! மூணு காட்டினீங்க, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

கல்யாணமான நாளிலிருந்து அவன் மாமனாரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. மாமா இரண்டு விரலையும் அப்படியே வைத்துக்கொண்டார்.

கிடங்கின் வாசலில் கார் நின்றது. கதவு திறக்கவில்லை. அது மின்சாரக் கதவு. ஊருக்கே மின்சாரம் வைத்திருக்கிற இடத்தின் கதவு, மின்சாரம் இல்லாமல் மூடிக்கிடந்தது.

உள்ளேயிருந்து அலாரம் அக்கா ஓடி வந்தாள். கட்டுப்பாட்டு அறையில் வேலை. எங்கே கோளாறு வந்தாலும் எச்சரிக்கை மணிக்கு முன்னால் அவள் குரல் வந்துவிடும் என்பதால் அந்தப் பெயர். அவள் கதவைத் தோளால் முட்டித் தள்ளித் திறந்தாள்.

"லீவுல எதுக்குய்யா வந்த? இங்க ஒண்ணுமே எரியல!"

"சாக்கெட் வேணும்க்கா! மாமாவுக்கு!"

"எந்த சாக்கெட்டு? மெயின் லைன் செத்துக் கெடக்கு!"

அவனுக்கு அது தெரியும். தெரியும் என்ன, அவன்தான் பார்வையாளர்களுக்கெல்லாம் படம் வரைந்து விளக்குகிறவன். இங்கிருக்கும் இன்வெர்ட்டர்கள் வெளியிலிருந்து வரும் மின்பாதையின் துடிப்பைக் கேட்டு, அதற்கு ஒத்துத்தான் தங்கள் மின்சாரத்தை விடும். பாதை செத்துவிட்டால் துடிப்பு இல்லை. துடிப்பு இல்லாவிட்டால் பெட்டிகள் வாயைத் திறக்காது. பாதையில் வேலை செய்கிறவர்கள் மேல் மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அதை மறந்துவிட்டு ஒரு உயிரை ஏற்றிக்கொண்டு ஊரைக் கடந்து வந்த பொறியாளன் உலகத்தில் வேறு யாராவது இருப்பானா என்று யோசிக்க அப்போது நேரமில்லை.

"சிவப்பு சாக்கெட்," என்றான்.

அக்கா முகம் மாறியது. கட்டுப்பாட்டு அறையில் மட்டும் ஒரு பெரிய யூபிஎஸ் இருந்தது. தீ எச்சரிக்கைக் கருவிகளும் பேட்டரிகளைக் கண்காணிக்கிற கம்ப்யூட்டர்களும் அதில்தான் உயிரோடு இருந்தன. அதன் சாக்கெட்டுகள் சிவப்பு. அதில் டீக் கெட்டிலைச் செருகியதற்காக அக்காவுக்கு ஒருமுறை விளக்கம் கேட்டு ஓலை வந்திருந்தது.

"ஏற்கெனவே லோடு நெறஞ்சு ஓடுது. இதையும் போட்டா மொத்தமா விழுந்திரும். தீ அலாரத்தைப் பிடுங்க விட மாட்டேன், சொல்லிட்டேன்."

"அதை வேணாம்க்கா. சுவரைப் பிடுங்கலாம்."

சுவர் என்றால் திரைச்சுவர். அறையின் ஒரு பக்கம் முழுக்கப் பெரிய திரைகள். ஒரு பச்சை இலை, அதற்குக் கீழே "இன்று நாம் ஒளியேற்றிய வீடுகள்" என்று ஓடுகிற எண். பெரிய மனிதர்கள் வரும்போது அது அணைந்து மானம் போகக் கூடாது என்று வாதாடி, அதையும் அதோடு சேர்ந்த கம்ப்யூட்டரையும் சிவப்பு சாக்கெட்டில் போட வைத்தது அவன்தான். அந்தக் கம்ப்யூட்டர்தான் தலைமை அலுவலகத்துக்குக் கணக்கு அனுப்புகிறது.

"மேலிடம் கத்துவாங்களே?"

"கத்தட்டும்."

இருவரும் மாமாவை ஆளுக்கொரு கையாகத் தாங்கி உள்ளே கொண்டுவந்து, மானேஜருடைய சுழல் நாற்காலியில் சாய்த்தார்கள். அவன் சுவரின் பிளக்கைப் பிடுங்கினான். பச்சை இலை அணைந்தது. மெஷினைச் செருகினான். அது முனகியது, இழுத்தது, ஓடியது. ஆனால் ஓடியவுடனே ஆக்சிஜன் வந்துவிடாது, கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரம் அவன் தரையில் மண்டியிட்டு, மாமாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேண்டுதல் எதுவும் வரவில்லை. "வோல்டேஜ் விழாதே, வோல்டேஜ் விழாதே" என்றுதான் வாய் முணுமுணுத்தது. அவனுக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான்.

உதட்டின் நீலம் மெல்ல வடிந்தது. மாமா உயர்த்தி வைத்திருந்த இரண்டு விரல்களையும் மடக்கினார்.

"இந்தா பாரு," என்றாள் அக்கா, யாரையும் பார்க்காமல். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா, தண்ணி குடிக்கிறீங்களா?"

"குடும்மா. கத்துற வேலையில இருந்தவன் நானு. உன் தொண்டை அருமையா இருக்கு."

அந்தப் பெரிய யூபிஎஸ் அவன் பொறுப்பில் இல்லை. வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். அதனால் அது முழுசாக நிரம்பியிருந்தது.

போன் அடித்தது. தலைமை அலுவலக மேலாளர்.

"உங்க ஸ்டேஷன் எங்க திரையில காணோமே? என்ன ஆச்சு?"

"ஒரு லோடு மாத்தியிருக்கேன் சார்."

"என்ன லோடு?"

அவன் தயங்கினான். "மாமனார் சார்."

அந்தப் பக்கம் ஒரே மூச்சில் விதிமுறை, அனுமதி, விளக்கம் என்று பொழியத் தொடங்கியது. மாமா கையை நீட்டினார். கொடுக்க வேண்டாம் என்று அக்கா தலையாட்டினாள். மாமா ஏற்கெனவே போனைப் பிடுங்கிவிட்டார்.

"ஐயா, வணக்கம். நான் கஸ்டமர் பேசுறேன்." நிறுத்தி, மூச்சு இழுத்தார். "கரண்ட் நின்னதுல இருந்து... உங்க கிடங்கு கரண்ட் கொடுத்த ஆளு... இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான். வேற யாராவது இருந்தாச் சொல்லுங்க. இப்பவே எந்திரிச்சி அவங்களுக்கு இடம் விட்டுடுறேன்."

மேலாளர் யோசித்தார். யோசிப்பது போனிலேயே கேட்டது.

"இப்ப எப்படி இருக்கீங்க ஐயா?" என்றது குரல், வேறு மாதிரி. "நல்லது, நல்லது. ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அவசர மருத்துவ உதவின்னு அறிக்கையில போட்டுக்கலாம். அந்தப் பச்சை இலை பின்னால தெரியுற மாதிரி."

அவன் போனை வாங்கினான். "இலையை அணைச்சுத்தான் சார் அவர் ஓடுறார்."

போனை வைத்த பிறகு அக்கா தீக் கருவிகளைப் பார்த்துவரப் போனாள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளைப் பெட்டிகள் வெயிலில் வரிசையாகப் படுத்திருந்தன. மாமா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணு புரியல மாப்பிள்ளை. அதுல எல்லாம் கரண்ட் இருக்கா?"

"இருக்கு மாமா."

"நெறையவா?"

"நெறைய."

"அப்புறம் ஏன் அதுல இருந்து எடுக்கல?"

"லைன்ல கரண்ட் இருந்தாத்தான் அது கொடுக்கும்."

"ஊர்ல கரண்ட் இருந்தா, இது கரண்ட் கொடுக்கும்."

"ஆமா."

"இல்லாதப்ப?"

"கொடுக்காது."

மாமா அதை நிதானமாக மென்றார். "இதுக்குச் சம்பளம் வேற."

அவனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. இதை மாற்றுகிற இன்வெர்ட்டர்கள் வந்துவிட்டன, செலவு அதிகம், சீக்கிரம் வரும், மின்சாரத்தைப் பிடித்து வைப்பது எளிது, வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் வெளியே விடுவதுதான் கஷ்டம்.

"அவளுக்கு இது தெரியுமா?" என்றார் மாமா.

அவள் என்று அவர் சொன்னதும், இத்தனை நாளில் அந்தச் சொல்லை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு எப்படிச் சொல்லாமல் தப்பித்தோம் என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"தெரியும். சொன்ன அன்னிக்கு விழுந்து விழுந்து சிரிச்சா. பாதி சாப்பாட்டுல எந்திரிச்சிப் போய்ச் சிரிச்சா."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே, கழுதை."

"உங்ககிட்ட சொன்னா என் மானத்தை ஏலம் போட்டுருவீங்கன்னு சொன்னா."

மாமா சிரிக்கப் பார்த்தார். மூச்சு இடம் கொடுக்கவில்லை. குழாயைச் சரி செய்துகொண்டார். கண் ஓரம் நனைந்திருந்தது. அது சிரிப்பினால் என்று இருவரும் வைத்துக்கொண்டார்கள்.

"என்னை எதுக்கு வெச்சிருக்கீங்க மாப்பிள்ளை?" என்றார். "நெசமாச் சொல்லுங்க. என் பையன் அவன் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கான்."

அவன் நேர்மையாக யோசித்தான். கடமை, அவளுக்காக, இப்படியெல்லாம் சொல்லலாம். எதுவும் உண்மையாகத் தோன்றவில்லை.

"மெஷின் சத்தம் இல்லாட்டி எனக்குத் தூக்கம் வர்றதில்ல மாமா."

"அடப் பாவி மனுஷா," என்றார் மாமா. "அந்தச் சத்தத்துலதான் எனக்குத் தூக்கமே வர்றதில்ல. வீட்டுல இன்னொரு ரூம்ல வைக்கச் சொன்னா நீ தப்பா நெனச்சுக்குவியேன்னு வாயை மூடிட்டு இருக்கேன்."

மரியாதை எங்கே போனது என்று இருவரும் கவனிக்கவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் மின்சாரம் வந்தது. முதலில் கூரை விளக்கு துடித்தது. பிறகு வெளியே பெட்டிகளின் விசிறிகள் ஒவ்வொன்றாக உறுமின. அக்கா முற்றத்திலிருந்து கத்தியது ஊருக்கே கேட்டிருக்கும். செத்த பாதையில் துடிப்பு வந்துவிட்டது. பெட்டிகள் இப்போது மிகுந்த தாராளத்துடன், மின்சாரம் உள்ள ஊருக்கு மின்சாரம் தரத் தயாராகின.

"உங்க ஆளுங்க முழிச்சிட்டாங்க," என்றார் மாமா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளை, ரொம்ப நேரமா ஒண்ணு சொல்லணும்னு இருக்கேன்."

அவன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். என்ன சொல்லப்போகிறார்? மகன் வீட்டுக்குப் போகிறேன் என்பாரா? அவளைப் பற்றியா? நன்றியா? நன்றி என்றால் தாங்க முடியாது.

"சொல்லுங்க மாமா."

"பாத்ரூம் எங்க?"

பாத்ரூம் முற்றத்தின் கடைசியில், பேட்டரிப் பெட்டிகளைத் தாண்டி இருந்தது. குழாய் அவ்வளவு தூரம் எட்டாது. மெஷினைக் கொஞ்சம் நேரம் கழற்றி வைத்துவிட்டுப் போய் வரலாம். டாக்டரே அனுமதித்ததுதான். ஆனால் அன்றைக்கு இன்னொரு தடவை அவரை மெஷின் இல்லாமல் விட அவனுக்குத் துணிச்சல் இல்லை. அக்கா தளவாட அறையிலிருந்து ஒரு பெரிய வயர் சுருளைத் தூக்கி வந்தாள்.

இப்படியாக அந்த ஊர்வலம் கிளம்பியது. முன்னால் மாமா, மூக்கில் குழாயோடு, நடையில் ஒரு மிடுக்கோடு. நடுவில் அவன், மெஷினை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு. பின்னால் அக்கா, சுருளிலிருந்து வயரை விட்டுக்கொண்டே. இரண்டு பக்கமும் வெள்ளைப் பெட்டிகள் உறுமி நின்றன.

மாமா உள்ளே போனார். குழாய்க்காகக் கதவை முழுசாகச் சாத்த முடியவில்லை. அவன் மெஷினை வாசலில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றான்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"அங்கயே நிக்கிறீங்களா?"

"ஆமா மாமா."

"அந்தப் பொண்ணு?"

"நானும் இருக்கேம்ப்பா!" என்று அக்கா கத்தினாள்.

"ரெண்டு பேரும் தள்ளிப் போங்க. இப்படிக் காவல் காத்தா எப்படி வரும்?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக்கு ஓடிவிட்டாள். அவன் நாலு எட்டு தள்ளிப் போனான். அங்கே மெஷின் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. இரண்டு எட்டு திரும்பி வந்தான்.

"போயாச்சா?"

பதில் சொன்னால் இங்கேயே நிற்பது தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் தனியாக விட்டுவிட்டானே என்று அவர் பயந்துவிடுவார். படித்தவன் அல்லவா, இரண்டு பக்கமும் தீர யோசித்தான்.

"போயிட்டேன் மாமா," என்றான்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் அடங்கியது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.